உடுத்தியதை அவிழ்க்கக் கூடாது

வேப்பம்பொட்டல் கிணற்றுக்குள் இருந்த அம்மன், கோவில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில், வாடிய மாலைகளையும் எச்சில் இலைகளையும் பெண்கள் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், வருஷா வருஷம் தனக்கென்று உள்ளே விடப்பட்ட சேலைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, விளிம்பில் துருத்தி நின்ற கல்லில் வீசி மாட்டி, அதைப் பிடித்து மேலே ஏறி வந்து, கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்துவிட்டு, உடுத்திக்கொள்ள ஒரு காய்ந்த துணி கேட்டாள்.

யாரும் அலறவில்லை. அம்மன் வருவது அந்த ஊருக்குப் புதிதல்ல. வெள்ளிக்கிழமைதோறும் யார் மேலாவது வந்து, ஆடி, வேப்பிலை மென்று, மலையேறிப் போவதுதான். ஆனால் அவளே சொந்த உடம்போடு வந்து குளிரில் பல் கிட்டிக்க உட்கார்ந்திருக்கும்போது, பார்க்கப் பதினேழு வயசுப் பிள்ளையாக இருப்பவளைத் தாயே என்று கூப்பிடுவதா, ஏட்டி என்று கூப்பிடுவதா என்பதுதான் அங்கே நின்ற பெண்களுக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. அவர்கள் குழம்பி முடிப்பதற்குள் முப்பிடாதி வீட்டுக்கு ஓடி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் மகளின் நைட்டியை உருவிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டாள். அம்மன் அதை மாட்டிக்கொண்டு, நீளமாக இருந்த கையை மடித்துவிட்டுக்கொண்டு, பழைய சோறு இருக்குமா என்று கேட்டாள்.

முப்பிடாதி கொடைக்காரர் வீட்டு மருமகள். அந்த வீட்டார் அம்மனுடைய அண்ணன்மாரின் வம்சம் என்று சொல்லிக்கொள்பவர்கள். கொடையில் முதல் மரியாதை அவர்களுக்குத்தான். மூத்தவர் தளவாய், கோவில் நிர்வாகி. இளையவர் கொம்பையா, முப்பிடாதியின் புருஷன், அண்ணன் இருமினால் தானும் இருமுகிறவர். அந்தக் கோவிலில் சிலை கிடையாது, கிணறுதான் சாமி. கொடையன்று அந்த வீட்டு மருமகள் ஆற்றங்கல் ஒன்றுக்குப் புதுச்சேலை உடுத்திக் கிணற்றுக்குள் விட வேண்டும். அவள் சேலையோடு வரும்போது ஆண்கள் கண்ணை மூடித் தலை குனிந்து நிற்க வேண்டும். எதற்கு உடுத்தினாளோ அதிலிருந்து சேலையை அவிழ்க்கக் கூடாது, அது தண்ணீருக்கே போக வேண்டும். பெண்கள் குலவை எடுத்துவிட்டால் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கும்வரை நிறுத்தக் கூடாது. இதில் எது தப்பினாலும் அந்த வம்சம் பூண்டோடு அற்றுப்போகும் என்று அண்ணன்மாரே விதித்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

முன்பெல்லாம் நூல் சேலைதான். ஒரு மழைக்காலம் தாண்டாமல் மக்கி மண்ணாகிவிடும். நிர்வாகம் தளவாய் கைக்கு வந்தபிறகு, தண்ணீருக்குள் போகிற துணிக்கு எதற்கு நூல் என்று சொல்லி, பார்வைக்குப் பளபளப்பாகவும் விலைக்கு மலிவாகவும் இருந்த சிந்தடிக் சேலையை எடுக்கச் சொன்னார். சிந்தடிக் மக்காது. சாமியிடம் கஞ்சத்தனம் பண்ணியதில் சாமிக்குக் கயிறு கிடைத்தது, ஏறி நிற்க அவர்களே போட்ட கல்லும் குவிந்து கிடந்தது.

அவளைப் பாய்ந்தாளம்மன் என்று கும்பிட்டார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். பழைய காலத்துக் கதையில் அவளைப் பெண் கேட்டு வந்தவன் பாளையக்காரனின் படைத்தலைவன். அடுத்த தலைமுறையில் அவன் குதிரையில் வந்த வெள்ளைக்காரத் துரை ஆனான். பக்கத்து ஊரில் சினிமாக் கொட்டகை வந்தபிறகு சில்க் சட்டை போட்ட மைனராகவும் ஆனான். வந்தவன்தான் மாறினானே தவிர மற்றது மாறவில்லை. அண்ணன்மார் இருவரும் காட்டுக்குப் போயிருந்த நேரத்தில், குடும்ப மானத்தைக் காக்க அந்தப் பெண் தானே கிணற்றில் பாய்ந்தாள், அன்றிலிருந்து எந்தப் பஞ்சத்திலும் கிணறு வற்றியதில்லை. ஊரில் எந்தப் பெண் வயசுக்கு வந்தாலும் அந்தத் தண்ணீரைத்தான் தலைக்கு ஊற்றினார்கள், ஊற்றும்போது அந்தக் கதையையும் சேர்த்து ஊற்றினார்கள். முப்பிடாதி தன் மகள் சிந்துஜாவுக்கும் அப்படித்தான் ஊற்றியிருந்தாள்.

அடுப்படியில் உட்கார்ந்து அம்மன் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தாள். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே முப்பிடாதியின் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீதான போன வருசம் பச்சச் சேல விட்டது? முடிச்சு நழுவாம நின்னுச்சு. இந்த வருசத்துச் செவப்பு வந்தபெறவுதான் எட்டுச்சு."

தன் பெயர் வெயிலாள் என்றாள். அந்தப் பெயரை ஊரில் ஒருவருக்கும் தெரியாது, இத்தனை காலம் கும்பிட்டும் ஒருவரும் கேட்டதில்லை. பிறகு, உப்பு வண்டி வந்துவிட்டுப் போய்விட்டதா என்று விசாரித்தாள். அந்நேரம் உள்ளறைக் கதவை யாரோ உள்ளேயிருந்து தட்டினார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது.

உள்ளே இருந்தது சிந்துஜா. டவுனில் மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். கடலோரத்து உப்பளத்திலிருந்து கடைகளுக்கு மூட்டை கொண்டுவரும் லாரிக்காரன் சுதாகரைக் கட்டிக்கொள்வேன் என்று சொன்னதற்காக, கொடைக்கு முன்பே அவளுடைய போனைப் பிடுங்கி உடைத்துவிட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி கொம்பையாவின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. சுதாகர் வேற்றுச் சாதி என்பது ஒரு குற்றம், தங்களைவிடக் கீழ் என்று தளவாய் நினைத்துக்கொண்டிருந்தது இன்னொரு குற்றம். முப்பிடாதி இதையெல்லாம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். உப்பு லாரி என்ற இடத்தில் வெயிலாள் சோற்றுக் கும்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கும் உப்புக்காரந்தான். படைத்தலைவனும் கெடையாது, ஒருத்தனும் கெடையாது. வண்டில உப்பு கொண்டாந்து வித்தவன். அவங்கூடப் போறேன்னு சொன்னேன். பெரியண்ணன் தோளப் பிடிச்சான், சின்னண்ணன் காலத் தூக்குனான். நான் எங்க பாஞ்சேன்?"

அதைச் சொல்லிவிட்டு இன்னொரு வெங்காயம் கேட்டாள்.

ஊர் அவளை எப்படி வைத்துக்கொள்வது என்பதைக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கோவில் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதன்மேல் பட்டு விரித்து, அவளை உட்கார வைத்தார்கள். நேரில் எழுந்தருளிய அம்மன் என்று பிளெக்ஸ் அடித்து, அவள் தலைக்கு மேலே தளவாய் கைகூப்பி நிற்கும் படத்தைப் பெரிதாகப் போட்டார்கள். சிறப்பு தரிசனத்துக்குத் தனி வரிசை வந்தது. டீக்கடைக்காரர் காலையும் மாலையும் டீ அனுப்பினார். ஆதார் இல்லாதவளை ஊர்க்கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று ஒரு கட்சியும், வயசைப் பார்த்தால் முதியோர் உதவித்தொகைக்கே மனுப் போடலாம் என்று இன்னொரு கட்சியும் டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள். அவளைச் சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள், அது ஒன்றுதான் அவளால் முடியவில்லை.

பிள்ளை வரம் கேட்டு வந்தவளிடமும், வழக்கு ஜெயிக்குமா என்று கேட்டு வந்தவனிடமும், கல்யாணம் எப்போது கூடும் என்று கேட்டவர்களிடமும் வெயிலாள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: என் அண்ணன்மார்தான் என்னைத் தள்ளினார்கள். பூசாரி பக்கத்தில் நின்று அதற்கு விளக்கம் சொன்னார். பெரியண்ணன் என்றால் சனி, சின்னண்ணன் என்றால் ராகு. தள்ளினார்கள் என்றால் காரியம் ஓர் ஆறு மாசம் தள்ளிப்போகும், பயப்பட வேண்டாம். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆறு மாசம் தள்ளிப்போகிற நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்கள். ஒரு பெண் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் அதற்கு வேறு அர்த்தம் சொல்ல ஓர் ஆம்பளை பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருப்பான், தெய்வமாகப் போனாலும் தப்ப முடியாது.

பெண்களுக்குப் புரிந்தது. புரிந்தும் விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு போனார்கள். முப்பிடாதியும் பூசிக்கொண்டாள். பூசிக்கொண்ட அந்தக் கையைப் பார்த்தபோது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இந்தக் கையால்தானே வருஷா வருஷம் சேலை உடுத்தினோம், இந்த வாயால்தானே பெற்ற பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொன்னோம் என்று நினைத்து நினைத்துப் பொருமினாள்.

இதற்கிடையில் கிணறு இறங்க ஆரம்பித்தது. முதலில் யாரும் பார்த்தறியாத படிகள் தெரிந்தன, அப்புறம் பாசி தெரிந்தது, பின்னே குடம் முங்குவதற்கே தண்ணீர் பற்றாமல் போய், வாளியைச் சாய்த்துச் சாய்த்து மொள்ள வேண்டியதாயிற்று. அவள் உள்ளே கிடந்தவரை வற்றாத கிணறு, அவள் வெளியே வந்ததும் வற்றுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. நேற்றுவரை தாயே என்றவர்கள், சாமி என்றால் சாமி இருக்கிற இடத்தில் இருக்க வேண்டாமா என்று பேசினார்கள். தண்ணீருக்குக் குடம் தூக்கிய பெண்களும் அதைத்தான் பேசினார்கள். தொண்டை காய்ந்தவர்களிடம் நியாயம் பேசி என்ன புண்ணியம் என்று முப்பிடாதி வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தளவாய் மண்டபத்துக்கு மாலை போட வந்தார். கூட்டம் நிறைந்திருந்தது. வெயிலாள் மாலைக்குத் தலையைக் குனியாமல் அவருடைய முகத்தையே பார்த்தாள்.

"வந்துட்டியா பெரியண்ணா," என்றாள். "அதே காது."

பூசாரிக்குச் சட்டென்று விளக்கம் வரவில்லை. கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தளவாய் சிரித்தார், மாலையை நாற்காலிக் கையில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார், மறுநாளே ஊர்க்கூட்டம் கூட்டினார். அம்மன் உக்கிரமாக இருக்கிறாள், தண்ணீருக்குள் போனால்தான் குளிர்வாள், வருகிற அமாவாசையன்று மேளதாளத்தோடு அனுப்பிவைப்பதுதான் மரியாதை என்று தீர்மானம் ஆயிற்று. அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை, முதல் தடவையும்தான் கேட்கவில்லை. மண்டபத்துக்குக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டினார்கள்.

அன்று மாலை தளவாய் தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முப்பிடாதியைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவ ரெண்டு சேல எடு. ரெண்டும் ஒரே நெறமா இருக்கட்டும்."

"ரெண்டாவது யாருக்கு அத்தான்?"

அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "ஆத்தா தனியாப் போவாளா? தொணைக்கு ஒரு கன்னிப் பிள்ள வேணும்லா. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மானம்னா என்னன்னு தெரியும்."

கொம்பையா பக்கத்தில்தான் நின்றார். முப்பிடாதி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் குனிந்து மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரி செய்தார், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

சேதி பரவியதா என்றால், யாரும் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பந்தலுக்கு வாழை வெட்டுகிறவர்கள் முப்பிடாதியைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கிணற்றடியில் ஒருத்தி அவள் கையைப் பிடித்து, உன் வயிற்றில் ஒரு சாமி பிறந்திருக்கிறதே, கொடுத்து வைத்தவள் என்று, நிஜமாகவே பொறாமைப்படுகிறவளைப் போலச் சொன்னாள். முப்பிடாதிக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. பெற்று, பாலூட்டி, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்து, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி அனுப்பிய பிள்ளையை இந்த ஊர் வாளியை இறக்குவதுபோல் இறக்கப் பார்க்கிறது, அதற்கு என்னையே துணி எடுத்துவரச் சொல்கிறது, எடுத்துவந்தால் என்னைக் கையெடுத்தும் கும்பிடும். அவள் அழவில்லை. டவுனுக்குப் போய் அரக்கு நிறத்தில் ஒரே மாதிரி இரண்டு சேலை எடுத்தாள். கடைக்காரர் வீட்டில் விசேஷமா என்று கேட்டபோது ஆமாம் என்றாள். பக்கத்துக் கடைப் பையனிடம் போனை வாங்கி, சிந்துஜா கதவிடுக்கில் சொல்லிக்கொடுத்திருந்த நம்பருக்குப் பேசினாள்.

தண்ணீருக்குள் போகிறவர்களுக்கு மஞ்சள் நீராட்ட வேண்டும் என்றாள் முப்பிடாதி. அம்மனுக்குச் செய்யாவிட்டாலும் குற்றம், துணைக்குப் போகிறவளுக்குச் செய்யாவிட்டாலும் குற்றம். நீராட்டும் இடத்தில் ஆம்பளை நிற்கக் கூடாது என்பதும் சாஸ்திரம்தானே. தளவாய்க்குச் சாஸ்திரம் என்றால் மறுபேச்சு கிடையாது, அதை வைத்துத்தான் அவர் பிழைக்கிறார். அமாவாசையன்று காலையில் கொம்பையா அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினார். நீட்டும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை முப்பிடாதி பார்த்தாள். திருப்பிக்கொண்டால் போதுமா என்று நினைத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ஓலைத்தட்டி கட்டி, அதற்குள் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊர்ப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். முப்பிடாதி யாரிடமும் கெஞ்சவில்லை. பின்பக்கத் தட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தாள், அவ்வளவுதான். அந்தப் பக்கம் கருவேலங்காட்டைத் தாண்டி ரோட்டில் சுதாகரின் லாரி நின்றது. பெண்கள் அறுந்த கயிற்றைப் பார்த்தார்கள், கையில் இருந்த தண்ணீரைப் பார்த்தார்கள், அந்தக் கிணற்றில் மிச்சம் இருந்த தண்ணீர் அது. பொறாமைப்பட்டுப் பேசியவள்தான் முதலில் தன் குடத்தைத் தூக்கி வெறுந்தரையில் ஊற்றினாள், வெளியே நிற்கிறவர்களுக்கு நீராட்டுகிற சத்தம் கேட்க வேண்டும் என்று. அவளைப் பார்த்து அடுத்தவள் ஊற்றினாள். ஆளுக்கொரு வேப்பிலைக் கொத்தோடு ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

சிந்துஜா தாயின் கையை விடவில்லை. நீயும் வா என்றாள்.

"எனக்குச் சேல உடுத்துத வேல கெடக்கு," என்றாள் முப்பிடாதி. "போ. திரும்பிப் பாக்காத."

வெயிலாள் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் ஓடினாள். லாரிக்குக் கிட்டே போனதும், மாட்டை எங்கே அவிழ்த்துக் கட்டியிருக்கிறாய் என்று சுதாகரிடம் கேட்டாள். அவன் மரியாதையாக, மாடு இல்லை ஆத்தா, ஏறிக்கொள்ளுங்கள் என்றான். அவள் உப்பு மூட்டையில் கையை வைத்து, விரலை நக்கிப் பார்த்துவிட்டு ஏறினாள்.

கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. மேளம் முழங்கியது, கற்பூரம் எரிந்தது. முப்பிடாதி இரண்டு சேலைகளையும் தாம்பாளத்தில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள், பின்னால் பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் இருவரும் அவர்களுக்கு நடுவில் வருவதாகத்தான் ஊர் நினைத்தது. சேலை வருகிறது என்றதும் ஆண்கள் கண்ணை மூடிக் கைகூப்பித் தலை குனிந்தார்கள். கிணற்று விளிம்பில் முதல் மரியாதைக்காரர்களாகத் தளவாயும் கொம்பையாவும் நின்றார்கள். அவள் முதல் சேலையைப் பிரித்து, ஆற்றங்கல்லுக்கு உடுத்துகிற அதே நிதானத்தோடு தளவாயைச் சுற்றி உடுத்தி, முந்தானையை இழுத்து முடிச்சுப் போட்டாள். கொம்பையாவுக்கும் உடுத்தினாள். அவர் கண்ணைத் திறந்துவிட்டார், திறந்தும் கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. அவர் மனசுக்குள் என்ன நினைத்தாரோ, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முப்பிடாதிக்கு விருப்பம் இல்லை.

தளவாய் கண்ணைத் திறந்து, குனிந்து தன்னைப் பார்த்தார். "என்னட்டி இது?"

"மானம் ஒங்க வீட்டு ஆம்பளைகளுதுதான அத்தான்? நீங்களே பாயுங்க."

சொல்லிவிட்டு நாக்கைச் சுழற்றிக் குலவை எடுத்தாள். ஒரு மூச்சுத் தூரம் அவள் குரல் தனியாகத்தான் கேட்டது. பிறகு பின்னால் நின்றவள் எடுத்தாள், பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவள், பிறகு பால்கொடுத்துக்கொண்டிருந்தவளும், தாலி அறுத்தவர்களும், வயசுக்கு வந்து தண்ணீர் ஊற்றப்பட்டுக் கதை கேட்ட அத்தனை பேரும் எடுத்தார்கள். மேளக்காரர்கள் அடிப்பதை விட்டுவிட்டார்கள்.

தளவாய் சேலை முடிச்சில் கையை வைத்தார். கூட்டத்தில் யாரோ, உடுத்தியாச்சே, அவிழ்க்கக் கூடாதே என்றார். எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி யோசித்துவிட்டு, அவிழ்க்கக் கூடாதுதான், வம்சத்துக்கு ஆகாது என்றார். தளவாய்க்கு இரண்டு மகன்கள், ஒரு பேரன். கையை எடுத்துவிட்டார். ஆத்திரத்தில் பெண்களைப் பார்த்து நிறுத்துங்கள் என்று கத்தினார். தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்காமல் நிறுத்துவது எப்படி என்று அவருடைய சொந்த மகனே மெதுவாகக் கேட்டான்.

இது நடந்து எத்தனையோ கொடை போய்விட்டது. அண்ணன் தம்பி இருவரும் அரக்குச் சேலையோடு கிணற்று விளிம்பில்தான் இருக்கிறார்கள், பாயவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. ஊர் அதையும் பழகிக்கொண்டுவிட்டது. டீக்கடைக்காரர் காலையும் மாலையும் அவர்களுக்கு டீ அனுப்புகிறார். வெயிலுக்கு மேலே ஒரு தகரம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் லாரியில் வருகிறது, பெண்கள் வரிசையில் நின்று பிடிக்கிறார்கள், அது கஷ்டந்தான், ஆனால் யாரும் கிணற்றைப் பற்றிப் பேசுவதில்லை. வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்த லாரித் தண்ணீரையே தலைக்கு ஊற்றுகிறார்கள், கதை எதுவும் சொல்வதில்லை. மாசத்துக்கு ஒருமுறை கடலோரத்திலிருந்து ஒரு உப்பு மூட்டை முப்பிடாதி பெயருக்கு வந்து இறங்குகிறது, அவள் அதை ஊருக்கெல்லாம் பங்கு வைக்கிறாள்.

குலவை மட்டும் நிற்கவில்லை. சோறு பொங்கப் போகிறவள் விட்ட இடத்திலிருந்து களை எடுத்துத் திரும்பியவள் எடுக்கிறாள், அவள் மூச்சு வாங்கினால் அடுத்தவள் தொடங்குகிறாள், ரோட்டில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கிறது. தினமும் தன் முறைக்கு முப்பிடாதி கிணற்றடிக்கு வரும்போது, காது அடைக்குது, நிறுத்தச் சொல்லு முப்பிடாதி என்று தளவாய் கெஞ்சுகிறார்.

"சத்தம் கேக்கட்டும் அத்தான், நிப்பாட்டுதோம்," என்று சொல்லிவிட்டு அவள் குலவையைத் தொடங்குகிறாள்.